மிச்சமிருந்த சுவரொட்டிகள்

லோம், 12 ஜனவரி 1987

அன்புத் தம்பி லுபென்,

புத்தாண்டு உனக்கு நன்றாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். "நாங்கள் இங்கே நலம்" என்று எழுதித்தான் உனக்கு எல்லாக் கடிதங்களையும் தொடங்கியிருக்கிறேன். இன்றும் கை பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். உன் அத்தானுக்கு உடம்பு சரியில்லை.

அவருடைய இருமல் உனக்குத் தெரியும். படகு என்ஜின் புகையை இத்தனை வருடம் குடித்த மனிதர் இருமாமல் என்ன செய்வார் என்று விட்டிருந்தோம். டிசம்பர் கடைசியில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். அவரைச் சட்டை மாட்டச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். அப்போதே தெரிந்துவிட்டது. நல்ல செய்தியை யாரும் தாழ்வாரத்தில் வைத்துச் சொல்வதில்லை.

"ரெண்டு நுரையீரல்லயும் இருக்கும்மா. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிடுச்சு. இலை உதிர்ற வரைக்கும்னு வெச்சுக்கோங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா அதுக்கு முன்னாடியே போயிடுவார்."

சரி என்றேன். அப்பாவுக்கும் நாம் அதைத்தானே செய்தோம்? வயிற்றுப்புண் என்று நம்பிக்கொண்டே போனார் பாவம். வெல்கோவிடம் பழைய சளி உறைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். "சளிதானே? ரக்கியா சாராயத்துல மிளகு போட்டா இறங்கிடும்" என்றார். இறக்கிக்கொண்டிருக்கிறார்.

பத்திரிகையில் உன் "விடிவெள்ளி" தொடர்கதை வந்தால் முன்போலவே துறைமுகத்துக் குடிக்கூடத்தில் சத்தம் போட்டு வாசிக்கிறார். நீ உன் விண்கலத்துக்கு அவரையே மெக்கானிக் ஆக்கி, பெயரைக்கூட மாற்றாமல் வைத்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் உத்தியோகம், படகு வேலை பொழுதுபோக்கு.

உன்னைத் தவிர யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. வாசித்ததும் கிழித்துவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்பு முத்தங்கள்,
ராய்னா


சோபியா, 25 ஜனவரி 1987

அன்புள்ள அக்கா,

நான் நலம். இப்படி எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீ கேட்டிருப்பாய் என்பதால் எழுதுகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, நீ சொன்னபடியே கிழித்துவிட்டேன்.

அத்தானிடம் சொல்லாமல் இருப்பதே சரி. நம் ஊரில் நோயைப் பற்றிய ரகசியத்தைச் சொந்தக்காரர்கள் காப்பார்கள், பக்கத்து வீட்டார் காப்பார்கள், ஆஸ்பத்திரிக் காவலாளிகூடக் காப்பான். நோயாளியை மட்டும்தான் நம்ப முடியாது.

என் பக்கத்துச் செய்தி அற்பமானது, இருந்தாலும் சொல்கிறேன். "விடிவெள்ளி" தொடருக்கு இந்த வசந்தத்தில் இருபத்தைந்து வயது. பத்திரிகை ஆசிரியர் தோழர் ஸ்தாமொவ் அழைத்துக் காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தால் பயப்பட வேண்டும்.

"லுபென், இருபத்தஞ்சு வருஷமா அந்தக் கலத்துல ஒருத்தன்கூட சாகல. அது விண்கலமா, ஓய்வு விடுதியா? வாசகன் கொட்டாவி விடறான். சிறப்பிதழுக்குச் சின்னதா ஒரு தொடர்ச்சிக் கதை குடு. அதுல யாராவது சாகணும்."

"யாரு தோழரே?"

"கேப்டன் வேண்டாம். கேப்டன் செத்தா மேல இருந்து போன் வரும். உழைக்கிற ஆளா பாரு. ஆனா ஒண்ணு, சாவு நம்பிக்கை குடுக்கற மாதிரி இருக்கணும்."

அப்படிப்பட்ட சாவு எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. டாக்டரம்மா பேசும்போது அந்தத் தாழ்வாரத்தில் நீ எப்படி நின்றாய்? கையில் என்ன இருந்தது? வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் முதலில் என்ன பேசினாய்? அதை மறைக்க நாள் முழுதும் என்னவெல்லாம் செய்கிறாய்? எல்லாவற்றையும் எழுது. எழுதினால் மனபாரம் குறையும்.

அத்தானுக்கு என் வணக்கம். 

உன் தம்பி,
லுபென்


லோம், 10 பிப்ரவரி 1987

அன்புத் தம்பி லுபென்,

ஆரஞ்சு வந்தது. சோபியாவில் அதற்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றிருப்பாய் என்று தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ சொன்னது சரிதான், எழுதினால் பாரம் குறைகிறது. உனக்கு எழுத உட்காரும் நேரம் ஒன்றுதான் நான் நடிக்காமல் இருக்கும் நேரம்.

கையில் அவருடைய ஆட்டுத்தோல் தொப்பி இருந்தது. டாக்டரம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் தொப்பிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் அடியில் ஏதோ எழுதியிருப்பதுபோல. வெளியே வந்ததும் அவரிடம் முதலில் சொன்னது, "தொப்பி அழுக்கா இருக்கு, துவைக்கணும்." ஆட்டுத்தோலை யாராவது துவைப்பார்களா? அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

மருந்து டப்பாவின் பெயரை நகத்தால் சுரண்டிவிட்டேன். அவருக்குப் பிடித்த மீன் சூப் வாரம் மூன்று முறை. மாலையில் பகடை ஆடுகிறோம். கல்யாணமான நாளிலிருந்து பகடையில் அவர் என்னை ஜெயித்ததே இல்லை, உனக்குத் தெரியும். இப்போது நான் தோற்றுக்கொடுக்கிறேன். ஆறும் ஆறும் விழுந்தால்கூடக் காயைத் தப்பாக நகர்த்துகிறேன். தோற்பது ஜெயிப்பதைவிடக் கஷ்டம், லுபென். கட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தோற்க வேண்டியிருக்கிறது.

நேற்று காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "ராய்னா, கொஞ்ச நாளா நீ ரொம்ப நல்லவளா ஆயிட்ட. நெஜத்த சொல்லு, யாரு அவன்?"

சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டேன் போல. அவர் சிரிப்பை நிறுத்திய பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதையும் கிழித்துவிடு.

அன்பு முத்தங்கள்,
ராய்னா


சோபியா, 22 மார்ச் 1987

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னிப்பாய். பிப்ரவரிக் கடிதத்தையும் கிழித்துவிட்டேன். நான் நலம், நீங்கள் இருவரும் பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கதையைக் கொடுத்துவிட்டேன். ஸ்தாமொவ் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் என் கதைக்காகக் கண்ணாடியைக் கழற்றியது இதுதான் முதல் தடவை. வழக்கமாகக் கழற்றாமலேயே தூங்குவார். "இத எங்க இருந்துய்யா பிடிச்ச?" என்று கேட்டார். கற்பனை என்றேன்.

கதையில் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஏப்ரல் கடைசியில் இதழ் வரும். இந்த முறை வீட்டுக்கு இலவசப் பிரதி அனுப்பச் சொல்லவில்லை, தபாலில் கசங்கிவிடுகிறது. அத்தான் அவசரப்பட்டு வாசிக்கவும் வேண்டாம். கண்ணுக்கு ஓய்வு நல்லது.

வைட்டமின் மாத்திரையும் எலுமிச்சையும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அவசரமாக,
லுபென்


லோம், 3 மே 1987

அன்புத் தம்பி லுபென்,

நலமா? இங்கே நடந்த கூத்தைக் கேள்.

புதன்கிழமை காலையில் கதவைத் தட்டினார்கள். வெல்கோதான் திறந்தார். வாசலில் எதிர்வீட்டு தோட்கா, கையில் நான்கு கார்னேஷன் பூ. அவள் பின்னால் துறைமுகத்து ஆட்கள் மூன்று பேர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. ஒருத்தர் கையில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமை, செத்த வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல.

தோட்கா அவரைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். செத்தவருக்குத்தான் இரட்டைப்படை என்பது அந்த நேரத்திலும் அவளுக்கு மறக்கவில்லை. ஒன்றைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு மூன்றை நீட்டினாள். "நல்லா இருக்கீங்களா வெல்கோ அண்ணே?"

"நல்லாதான் இருக்கேன். நீங்க எல்லாரும் ஏன் இப்படி நிக்கறீங்க?"

"தந்திக்கம்பத்துல போட்டிருக்கே அண்ணே..."

போய்ப் பார்த்தோம். பேருந்து நிலையம், ரொட்டிக்கடை, துறைமுக வாசல் எல்லாம் கறுப்புக் கட்டம் போட்ட மரணச் சுவரொட்டி. பெரிய எழுத்தில் "மெக்கானிக் வெல்கோ". கீழே பூதக்கண்ணாடி வேண்டிய எழுத்தில்: "விடிவெள்ளியின் தலைமை மெக்கானிக், இருபத்தைந்து ஆண்டு மாசற்ற சேவைக்குப் பின், கடமையின்போது நம்மை விட்டுப் பிரிந்தார். துயரப்படுபவர்கள்: விண்கலக் குழுவினர்." உன் வாசகர் மன்றத்துப் பிள்ளைகளின் வேலை. சின்ன எழுத்தை யார் வாசிப்பார்கள்? வாசித்தவர்களும் விடிவெள்ளி ஏதோ இழுவைப் படகு என்று நினைத்திருக்கிறார்கள்.

இவருக்கு ஒரே குஷி. கோதுமையை அந்த மூன்று பேரோடு உட்கார்ந்து இவரே தின்றார். அச்சகத்து கின்ச்சோவிடம் போய் மிச்சமிருந்த சுவரொட்டிகளைக் கட்டாக வாங்கி வந்து அலமாரி மேல் வைத்திருக்கிறார். "ஆளுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், எனக்கு முன்பணமாவே கிடைச்சிருக்கு!"

ஆனால் ஒன்று. குடிக்கூடத்தில் எல்லோரிடமும் கேட்கிறார், "நான் எப்படிடா செத்தேன்?" வாசித்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். கோப்பையைப் பார்க்கிறார்களாம். கடையில் இதழ் தீர்ந்துவிட்டது. நூலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு நீயே சொல். அவர் எப்படிச் செத்தார், லுபென்?

ராய்னா


லோம், 17 மே 1987

லுபென்,

உன் தந்தி வந்தது. "வெல்கோ கதையை வாசிக்கக் கூடாது. நூலக இதழை மறைத்துவிடு." நான் சாப்பாட்டுக்கூடத்தில் வேலையில் இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் வெல்கோ.

நூலகத்தில் அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். தந்தியைக் காட்டியதும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது பகடைப் பலகை விரித்திருந்தது. இதழ் எங்கும் தெரியவில்லை. "உக்காரு, ஆடு" என்றார். ஆடினேன். வழக்கம்போல் தோற்றேன்.

"இன்னொரு ஆட்டம்" என்றார். "இந்தத் தடவை ஒழுங்கா ஆடு."

"ஒழுங்காத்தானே ஆடினேன்."

"ராய்னா. ஒழுங்கா ஆடு."

ஆடினேன். ஜெயித்தேன். அவர் காய்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுப் பலகையை மூடினார். பிறகு கேட்டார், "தொப்பிக்குள்ள என்ன எழுதியிருந்துச்சு?"

நான் அதன்பின்தான் உன் கதையை வாசித்தேன். விண்கல மருத்துவர் கேப்டனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிடுகிறார். கேப்டன் மெக்கானிக்கின் தலைக்கவசத்துக்குள் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சமையல்காரர் மெக்கானிக்குக்கு மட்டும் நல்ல சூப் வைக்கிறார். கேப்டன் பகடையில் தோற்றுக்கொடுக்கிறார். கடைசிவரை எல்லோருக்கும் தெரிகிறது, மெக்கானிக்குக்கு மட்டும் தெரியவில்லை.

கடிதத்தைக் கிழித்தேன் என்று எழுதியிருந்தாய். எப்போது கிழித்தாய், முன்பா, பார்த்து எழுதிய பிறகா?

ராய்னா


சோபியா, 20 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அக்கா,

மேயில் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் ஜூனில் எழுதியதற்கும் பதில் இல்லை. கிடைத்தவற்றைக் கிழித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த யோசனை என்னுடைய கடிதங்களுக்கும் பொருந்தும். அத்தான் எப்படி இருக்கிறார்? இதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பது தெரிந்தே கேட்கிறேன்.

பார்த்து எழுதிய பிறகுதான் கிழித்தேன். முந்தைய கடிதங்களில் இலக்கியம், உண்மை, நானூறு ஆண்டு கழித்து நடக்கும் கதை என்றெல்லாம் நாலு பக்கம் எழுதிவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

இப்போது ஒரு செய்தி. மெக்கானிக் செத்ததைக் கண்டித்துப் பத்திரிகைக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்திருக்கிறது. புகாரெழுதியே பழகாத மக்கள் முதன்முதலாகத் துணிந்து எழுதியிருக்கிறார்கள் என்று ஸ்தாமொவ் நடுங்கிப்போயிருக்கிறார். ஆசிரியர் குழு கூடி, மெக்கானிக்கை உயிர்ப்பிப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. எப்படி என்பதை என்னிடம் விட்டிருக்கிறார்கள். அது சுலபம்; உறைநிலை, இரட்டைக் கிரகம், தவறான மருத்துவ அறிக்கை, எதையாவது சொல்லலாம். 

அத்தானிடம் சொல். டிசம்பர் இதழில் எழுந்து வந்துவிடுவார். முழு ஆரோக்கியத்தோடு.

உன் தம்பி,
லுபென்


லோம், 14 செப்டம்பர் 1987

மச்சான் லுபென்,

எனக்கு எழுத்து வராது. பேசற மாதிரியே எழுதறேன், நீ திருத்திப் படிச்சுக்கோ. உனக்குத்தான் மத்தவங்க எழுதினதை எடுத்துத் திருத்தறது கைவந்த கலையாச்சே.

உடம்பு எப்படின்னு கேட்டிருக்க. உன் கதையில பதினோராம் பக்கத்துல இருக்கேன். படிக்கட்டு ஏறினா மூச்சு வாங்குது.

கோவமாதான் இருக்கேன், மறைக்கல. கதை மோசமா இருந்திருந்தா கோவம் வந்திருக்காது. நல்லா எழுதியிருக்கடா பாவி. நானே ரெண்டு இடத்துல அழுதுட்டேன், அப்புறம்தான் அழறது யாருக்காகன்னு தெரிஞ்சுது. என் உடம்பு சமாச்சாரம் எனக்கு முன்னாடி ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கு. குடிக்கூடத்துல எல்லாரும் கோப்பையைப் பார்த்தானுங்களே, அவனுங்களுக்குத் தெரிஞ்சது வெல்கோங்கற கதாபாத்திரத்தைப் பத்தியா, என்னைப் பத்தியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. யார்கிட்ட கேக்கறது?

ராய்னாவை நீ ஒண்ணும் சொல்லாத. அவ பண்ணினது எல்லாரும் பண்றது. நாங்க மூணு நாள் பேசல, நாலாவது நாள் பேசினோம். எனக்கு என்ன பயம்னு சொன்னேன், அவளுக்கு என்ன பயம்னு சொன்னா. பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். இப்போ ஒழுங்கா ஆடறா, தினம் தோக்கறேன். மனசுக்கு நல்லா இருக்கு.

என்னை எழுப்பப் போறியாமே. எழுப்பாத. முழு ஆரோக்கியத்தோட எழுந்து வந்தா இங்க இருமிக்கிட்டு உக்காந்திருக்கறவன் என்ன ஆவான்? உன்னால முடிஞ்சா இது பண்ணு. நான் சாகறதுக்கு முன்னாடி நடக்கற மாதிரி ஒரு தொடர்ச்சி எழுது. கேப்டன் அந்தத் தாழ்வாரத்துல இருந்து நேரா என் அறைக்கு வரட்டும். உக்காந்து, மூஞ்சியப் பாத்து, "வெல்கோ, விஷயம் இதுதான்"னு சொல்லட்டும். ஒரு பக்கம் போதும்.

இல்லன்னா அதுவும் வேண்டாம். நீ கிளம்பி வா. லெட்டர் போடாம வா.

வெல்கோ


சோபியா, 6 அக்டோபர் 1987

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேப்டன் கதவு வரை வந்துவிட்டார். ஒரு வடிவத்தில் கதவைத் தட்டினார். நீங்கள் திறந்ததும் வெளியே இருக்கும் கிரகத்தின் வானிலையைப் பற்றி ஒரு பக்கம் பேசிவிட்டுத் திரும்பிப் போனார். இன்னொன்றில் உட்கார்ந்தார், ஆனால் தத்துவம் பேசத் தொடங்கிவிட்டார். அதைக் கிழித்தேன். கருந்துளைக்குள் அஞ்சாமல் புகுந்தவர், பத்தடி அறைக்குள் வர இந்தப் பாடு படுகிறார். இப்போதைக்குத் தாழ்வாரத்திலேயே நிற்கிறார்.

நான் கட்டாயம் வருகிறேன். வெறுங்கையோடு வர மனமில்லை. அந்தப் பக்கம் முடிந்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன்பு, முதலில் உங்களிடம்தான் கொண்டுவந்து காட்டுவேன். இந்த மாதக் கடைசிக்குள் நிச்சயம்.

அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மைத்துனன்,
லுபென்


லோம், 12 நவம்பர் 1987

லுபென்,

இடுகாட்டில் நீ பாப்ளர் மரத்துக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தேன். அவ்வளவு ஒல்லியான மரத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் மறைய முடியாது. வீட்டுக்கு வருவாய் என்று உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தேன். மாலை ரயிலுக்கே போய்விட்டாய் என்று தோட்கா சொன்னாள்.

உன் அக்டோபர் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேப்டன் வானிலை பேசிய இடத்தில் சிரித்தார், அதில் இருமல் வந்து நெடுநேரம் நிற்கவில்லை. "அவன் வரமாட்டான் ராய்னா. அவன் எழுதிக்கிட்டே இருப்பான்" என்றார். ஆனாலும் வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அலமாரி மேல் இருந்த சுவரொட்டிகளையே ஒட்டச் சொல்லியிருந்தார். "நல்ல காகிதம், வீணாக்காத. தேதிய மட்டும் பேனாவுல போடு." அப்படியே செய்தேன். காலையில் ஒட்டியது, மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. எல்லோரும் கம்பத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், உன் புதுக் கதை வந்திருக்கிறது என்று. நான் அவர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் தோட்கா வந்தாள். வேடிக்கைக்காக மூன்று பூ கொண்டுவந்திருந்தாள். "எங்க நம்ம செத்துப்போன மனுஷன்?" என்று கேட்டுக்கொண்டே படியேறியவள் என் முகத்தைப் பார்த்தாள். கை தானாக ஒரு பூவைப் பிடுங்கியது. பிறகு அவள்தான் தெருத்தெருவாகப் போய், "நெஜமாதான், நெஜமாதான்" என்று சொல்லிக் கூட்டி வந்தாள்.

இந்த மாதக் கடைசியில் நாற்பதாம் நாள். அதற்குச் சுவரொட்டி போட வேண்டும், பழையது உதவாது. எனக்கு எழுத வரவில்லை. உட்கார்ந்தால் உனக்குக் கடிதம் எழுதுவதுபோல் எல்லாவற்றையும் எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எழுத்தாளன் நீ. நான்கைந்து வரி எழுதி கின்ச்சோவின் அச்சகத்துக்கு நேராக அனுப்பிவிடு. எனக்கும் ஒரு பிரதி.

ராய்னா


சோபியா, 18 நவம்பர் 1987

அக்கா,

மரத்துக்குப் பின்னால் நின்றது நான்தான். சட்டைப்பையில் அந்தப் பக்கம் இருந்தது, முடியாமல். தாழ்வாரத்தில் நின்ற கேப்டனைப் பற்றி வேடிக்கையாக எழுதினேன். அந்தக் கேப்டன் யாரென்று அத்தானுக்குப் புரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் வந்திருப்பேன்.

ஸ்தாமொவிடம் இனி "விடிவெள்ளி" எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். தியாகம் என்று நினைத்துவிடாதே. எழுத உட்கார்ந்தால் குழுவினர் யாரும் என்னோடு பேசுவதில்லை.

சுவரொட்டி வாசகத்தை எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியது கதைபோல் இருந்தது. அடுத்தது ஸ்தாமொவுக்குப் பிடிக்கும்போல் இருந்தது. இதுதான் மிஞ்சியது:

"நாற்பது நாட்கள். வெல்கோ ஸ்தானிமிரொவ், படகு மெக்கானிக், லோம். தம் நோயை ஊருக்குப் பின்னால் அறிந்தார். பகடையில் ஏமாற்றி ஜெயிக்கவைப்பதை விரும்பவில்லை. வருவதாகச் சொன்ன ஒருவனுக்காக வாசலைப் பார்த்தார். வெட்கப்படுபவன்: மைத்துனன் லுபென்."

கின்ச்சோவுக்கு அனுப்பிவிட்டேன். உனக்குப் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடு.

லுபென்


லோம், 3 டிசம்பர் 1987

தம்பி லுபென்,

நான் நலம். சும்மா எழுதவில்லை, இன்று உண்மையிலேயே தூங்கி எழுந்தேன்.

ஒட்டுவதற்கு முந்தின நாள் கின்ச்சோ வீட்டுக்கே வந்துவிட்டான், கையில் அச்சடித்த மாதிரி.

"ராய்னா அக்கா, உங்க தம்பி எழுதினதுல கடைசி வரியில பிழை. 'துயரப்படுபவர்கள்'னுதானே எல்லாத்துலயும் வரும்? அவர் வேற என்னவோ எழுதியிருந்தார். பெரிய எழுத்தாளர், அவசரத்துல எழுதியிருப்பார்னு நானே திருத்திட்டேன்."

"திருத்தினதத் திருத்து."

"அப்போ, அவர் எழுதின மாதிரி 'வெட்கப்படுபவன்'னே போட்டுடவா?"

"வேண்டாம். அதுவும் தப்பு. 'வெட்கப்படுபவர்கள்'னு போடு. பன்மை. என் பேர் முதல்ல வரணும், நான்தான் மூத்தவ."

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். குடிக்கூடத்தில் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். போகும்போது, கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னான். உன் பெயரைப் போட்டுக்கொள் என்றேன்.

பேருந்து நிலையத்தில், ரொட்டிக்கடையில், துறைமுக வாசலில் ஒட்டியிருக்கிறது. இந்த முறை எல்லோரும் நின்று, சின்ன எழுத்து வரைக்கும் வாசிக்கிறார்கள்.

பகடைப் பலகை மேஜை மேல்தான் இருக்கிறது. வா. உனக்கு அந்த ஆட்டம் சரியாக வராது என்று தெரியும். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்கா